மாடலையும் அதே பாடு படவையுங்கள்: நட்சத்திர நிறமாலையை ஒப்பிடப் பழகுவோருக்கு

ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையை, அதாவது ஒவ்வோர் அலைநீளத்திலும் அதன் ஒளி எவ்வளவு என்பதை, கிராஃபாகப் போட்டு, அதன்மேல் கணினி மாடல் தந்த நிறமாலையை வரைந்தால், முதல் தடவை இரண்டும் பொருந்தவே பொருந்தாது. உயரம் ஒத்துப்போகாது. கோடுகள், அதாவது ஒளி குறைந்து பள்ளமாகத் தெரியும் இடங்கள், தள்ளி நிற்கும். ஒன்று வழவழப்பாக இருக்கும், இன்னொன்று முள்ளு முள்ளாக இருக்கும். உடனே கை தானாக மாடலின் வெப்பநிலையை மாற்றப் போகும். அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மாடல் தருவது நட்சத்திரத்தின் மேற்பரப்பை விட்டுக் கிளம்பும் ஒளி. உங்கள் கையில் இருப்பதோ, சுழன்றுகொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கும் ஒரு கோளத்திலிருந்து புறப்பட்டு, பல ஒளியாண்டு கடந்து, வழியில் தூசிக்குள் புகுந்து, நம் காற்றில் நுழைந்து, தொலைநோக்கியின் கண்ணாடியில் பட்டு, கடைசியாகக் கேமராவின் பிக்சல்களில் விழுந்த ஒளி. வழியில் அது பட்ட பாட்டையெல்லாம் மாடலையும் படவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வேறுபாட்டில்தான் நட்சத்திரத்தைப் பற்றிய செய்தி இருக்கிறது. ஆகவே வேலையின் வரிசையை ஒளி வந்த பாதையிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு நட்சத்திரம்

விடை தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது அபிஜித், அதாவது வேகா. 25 ஒளியாண்டு தூரம்தான், ஆகவே இடையில் தூசி கிட்டத்தட்ட இல்லை. வானில் அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்ற கோண விட்டத்தை, பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் குறுக்கீட்டுமானிகள் நேராக அளந்திருக்கின்றன. அதன் பிரகாசத்தையும் பூமியில் வைத்த விளக்குகளோடும், உருகிய தாமிரம், பிளாட்டினம் வைத்த உலைகளோடும் ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். வானில் ஆயிரமாயிரம் நட்சத்திரங்களின் பிரகாச அளவு கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும்.

தரவுக்கு, அளவு உறுதியான நட்சத்திர நிறமாலைகளைச் சேர்த்து வைத்திருக்கும் கால்ஸ்பெக் தொகுப்புக்குப் போங்கள். ஹப்பிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளை நடத்தும் பால்டிமோர் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. அபிஜித்தின் ஃபைலை ஃபிட்ஸ் வடிவத்தில் டவுன்லோடு செய்து, பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல்தொகுப்பைக் கொண்டு திறந்தால் அலைநீளம், ஒளிப்பாய்வு, பிழை அளவு ஆகியவை தனித்தனிப் பத்திகளாக வரும்.

கிராஃப் போடும் முன் ஹெடரை முழுக்கப் படியுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அபிஜித் ஃபைலில் சுமார் 1,675 முதல் 5,350 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை ஹப்பிளின் ஸ்டிஸ் கருவி அளந்தது. அதற்குச் சிவப்புப் பக்கம் இருப்பது அளவீடே அல்ல, பொருத்திச் சேர்த்த ஒரு மாடல். இது தெரியாமல் முழு ஃபைலையும் எடுத்து ஒப்பிட்டால், சிவப்புப் பக்கம் அபாரமாகப் பொருந்தும். மாடலோடு மாடலை ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்? ஆகவே நம் வேலை 3,200 முதல் 5,300 ஆங்ஸ்ட்ராம் வரை மட்டும். அபிஜித்தின் முக்கியமான சங்கதிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே கிடைத்துவிடும்.

மாடலுக்குள் என்ன இருக்கிறது

வளிமண்டல மாடல் என்பது நட்சத்திரத்தின் மெல்லிய வெளித்தோலைப் பற்றிய கணக்கு. சூரியனில் இந்தத் தோல் சில நூறு கிலோமீட்டர்தான். ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆரமுள்ள ஒரு கோளத்தில் நமக்குத் தெரிவது அவ்வளவே. அட்லஸ்9 என்ற நிரலில் காஸ்டெல்லியும் குரூஸும் கணக்கிட்ட மாடல்கள் இந்தத் தோலை 72 அடுக்குகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் மேலே உள்ள வாயுவின் எடையைக் கீழே உள்ள அழுத்தம் தாங்க வேண்டும். கீழிருந்து வரும் ஆற்றல் அதே அளவில் மேலே போய்ச் சேர வேண்டும். அந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதை 1920-இல் மேகநாத் சாஹா எழுதிய சமன்பாடு சொல்லும்.

ஒளியை எது மறிக்கிறது என்பதுதான் கணக்கின் உயிர்நாடி. சூரியன் போன்ற நட்சத்திரத்தில் தொடரொளியை, அதாவது கோடுகளுக்கு இடையே தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் ஒளியை, மறிப்பது, ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஒட்டிக்கொண்ட ஹைட்ரஜன். 1939-இல் ரூப்பர்ட் வில்ட் இதைச் சுட்டிக்காட்டினார். அது எவ்வளவு மறிக்கும் என்பதை 1946-இல் நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் பிரான்சிஸ் பிரீனும் கணக்கிட்டார்கள். இன்று ஒரு மாடலை டவுன்லோடு செய்யும் யாரும் அந்த வேலையின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

அபிஜித் அதைவிடச் சூடு. அங்கே சாதாரண ஹைட்ரஜன் அணுவே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டாம் மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரானை 3,646 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பிய்த்தெறிந்துவிடும். அதனால் அந்த இடத்தில் நிறமாலை படி இறங்கியதுபோல் விழுகிறது. இதுதான் பால்மர் தாவல். 4,000 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் உயரத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். கிராஃப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது இதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் திருகக்கூடிய திருகுகள் மூன்று. விளைவுறு வெப்பநிலை ஒன்று. மேற்பரப்பு ஈர்ப்பு இன்னொன்று; சென்டிமீட்டர் அளவில் எழுதி மடக்கை எடுத்துச் சொல்வார்கள். பூமிக்கு அது ஏறக்குறைய 3, சூரியனுக்கு 4.44, அபிஜித்துக்கு 4-ஐ ஒட்டி. மூன்றாவது உலோகச்செறிவு, அதாவது ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தவிர்த்த மற்ற தனிமங்களின் அளவு. இதுவும் மடக்கைதான், சூரியனைப் போல இருந்தால் 0, மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மைனஸ் 0.5. அபிஜித் அந்தக் குறைந்த பக்கம்.

இந்த வகை மாடல்கள் இரண்டு எளிமையாக்கல்களை ஏற்றுக்கொண்டவை. அடுக்குகள் வளைவில்லாமல் தட்டையாக இருக்கின்றன என்பது ஒன்று. ஒவ்வோர் அடுக்கிலும் அணுக்களின் நிலையை அந்த இடத்து வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது என்பது மற்றொன்று. இதை உள்ளூர் வெப்பச் சமநிலை என்பார்கள். இரண்டையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எந்த மாடல் தொகுப்பு? அட்லஸ்9 தொகுப்பில் 13,000 கெல்வின் வரை 250 கெல்வினுக்கு ஒரு மாடல் உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் 2013-இல் வெளியிட்ட ஃபீனிக்ஸ் தொகுப்பு 2,300 முதல் 12,000 கெல்வின் வரை மிக நுணுக்கமான நிறமாலை தரும். குளிர்ந்த நட்சத்திரங்களுக்கு சுவீடனின் மார்க்ஸ் மாடல்கள் நல்லவை. மிகச் சூடானவற்றுக்கு, உள்ளூர் வெப்பச் சமநிலையைக் கைவிட்டுக் கணக்கிட்ட டிலஸ்டி. அபிஜித்துக்கு அட்லஸ்9-இல் 9,500 கெல்வின், ஈர்ப்பு 4.0, உலோகம் மைனஸ் 0.5 என்ற மாடலை எடுங்கள். ஃபீனிக்ஸில் அதற்கு அருகில் இருப்பது 9,600. முடிந்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள். இரண்டு மாடல்களும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்துவிட்டால், மாடல்மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது பிடிபட்டுவிடும்.

உயரத்தைச் சரிசெய்வது

அலகில்தான் முதல் அடி வாங்குவோம். பால்டிமோர் தொகுப்பில் கிடைக்கும் அட்லஸ் ஃபைல்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு விநாடிக்கு, ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு இத்தனை எர்க் என்று தருகின்றன. ஃபீனிக்ஸ் ஃபைல்கள் ஆங்ஸ்ட்ராமுக்குப் பதில் சென்டிமீட்டருக்கு என்று தருகின்றன. அவற்றைப் பத்துக் கோடியால் வகுக்க வேண்டும். குரூஸின் மூல ஃபைல்கள் அதிர்வெண்ணுக்கு, அதுவும் திண்மக் கோணத்துக்கு, என்று வேறொரு கணக்கில் இருக்கும். எதை எடுத்தாலும் அலகை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது தூரம். மேற்பரப்பில் கிளம்பிய ஒளி இங்கே வரும்போது எவ்வளவு நீர்த்துப்போகிறது? ஆரத்தைத் தூரத்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் அந்தப் பெருக்குத்தொகை கிடைக்கும். ஆரம் தனியாக, தூரம் தனியாகத் தெரிய வேண்டியதில்லை. கோண விட்டத்தில் பாதியை ரேடியனில் எழுதினால் அதுவேதான். அபிஜித்தின் கோண விட்டம் 3.28 மில்லி விகலை (ஒரு டிகிரியில் 3,600 விகலைகள்). ஒரு ரேடியனில் 2,06,265 விகலைகள். வகுத்துப் பாதியாக்கினால் 7.95 × 10⁻⁹. அதன் வர்க்கம் 6.32 × 10⁻¹⁷. மாடலை இந்த எண்ணால் பெருக்க வேண்டும்.

இதைத் தலைகீழாகப் போட்டும் சரிபார்க்கலாம். இந்தக் கணக்கைக் கால்குலேட்டரிலேயே ஒருமுறை செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 5,556 ஆங்ஸ்ட்ராமில் அபிஜித்திலிருந்து நமக்கு வருவது 3.44 × 10⁻⁹ எர்க். இதுதான் உலைகளோடும் விளக்குகளோடும் ஒப்பிட்டு நிலைநிறுத்திய எண். அதை 6.32 × 10⁻¹⁷-ஆல் வகுத்தால் 5.4 × 10⁷. அந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் விடும் ஒளி அது. இப்போது 9,500 கெல்வினில் உள்ள ஒரு கரும்பொருளுக்கு, அதாவது வெப்பத்தால் மட்டுமே ஒளிரும் ஓர் இலட்சியப் பொருளுக்கு, பிளாங்க் சூத்திரத்தைப் போட்டால் 4.95 × 10⁷ வரும். பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டோம். 25 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு புள்ளியின் மேற்பரப்பை உங்கள் மேசையில் வைத்து அளந்திருக்கிறீர்கள். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதில்லை.

மிச்சமுள்ள பத்து சதவீதம் கரும்பொருளின் குறை. பால்மர் தாவலுக்குக் கீழே மறிக்கப்பட்ட ஆற்றல் வேறு வழியாக வெளியேறித்தான் ஆக வேண்டும், ஆகவே தாவலுக்கு மேலே நட்சத்திரம் கரும்பொருளைவிடச் சற்றுப் பிரகாசமாகத் தெரிகிறது. மாடலில் அது இருக்கும், பிளாங்க் சூத்திரத்தில் இருக்காது. உங்கள் எண் பத்து மடங்கோ நூறு மடங்கோ தள்ளிப் போனால் அலகைத் தேடுங்கள். மூன்று மடங்கு தள்ளிப் போனால் பை (π) விட்டுப்போயிருக்கும். நான்கு மடங்கு என்றால், விட்டத்தைப் பாதியாக்க மறந்திருப்பீர்கள்.

கோடுகள் ஏன் தள்ளி நிற்கின்றன

காற்றில் ஒளியின் அலைநீளம் வெற்றிடத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. 5,000 ஆங்ஸ்ட்ராமில் வித்தியாசம் 1.4. சிவப்பில் உள்ள ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு காற்றில் 6,562.8, வெற்றிடத்தில் 6,564.6. தரையில் எடுத்த நிறமாலைகளைப் பெரும்பாலும் காற்று அலைநீளத்தில் தருவார்கள். கால்ஸ்பெக்கும் ஃபீனிக்ஸும் வெற்றிடத்தில் தருகின்றன.

நான் முதன்முதலில் சொந்தமாக எடுத்த நிறமாலை புரோசியான் என்ற பிரகாசமான நட்சத்திரத்தினுடையது. நியான் விளக்கை வைத்து அலைநீளத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு வெற்றிட மாடலோடு ஒப்பிட்டேன். நட்சத்திரம் விநாடிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதாக விடை கிடைத்தது. ஒரே கோட்டை நம்பக் கூடாது என்று எல்லாக் கோடுகளையும் அளந்தேன். நீலத்திலும் 84, சிவப்பிலும் 83. எல்லாம் ஒத்துப்போவதால் சரியென்றே நம்பினேன். இந்தப் பிழையின் ஆபத்தே அதுதான். காற்றின் ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் அதிகம் மாறுவதில்லை, அதனால் விளையும் தள்ளல், நட்சத்திரத்தின் வேகத்தால் வரும் டாப்ளர் தள்ளலைப் போலவே நடிக்கும். தரவுக்குள்ளேயே தேடினால் பிடிபடாது. பட்டியலில் புரோசியானின் ஆரத்திசை வேகம் வெறும் சில கிலோமீட்டர்தான் என்று பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே 80-ஐ ஒட்டி ஒரு வேகம் கிடைத்தால், அது காற்றா வெற்றிடமா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு அப்புறம்தான் உண்மையான வேகம். பூமி சூரியனைச் சுற்றுவதால் மட்டுமே ஆண்டு முழுக்க 30 கிலோமீட்டர் வரை கூடவோ குறையவோ செய்யும். ஆஸ்ட்ரோபையில் இதற்குத் தனிச் செயல்பாடு இருக்கிறது. நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால் திருத்தத்தைத் தந்துவிடும். ஸ்டிஸ் தரவில் ஒரு கோட்டின் அகலம் 5, 6 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். விநாடிக்கு 20 கிலோமீட்டர் வேகம் அங்கே 0.3 ஆங்ஸ்ட்ராம்தான், எனவே முதல் பயிற்சியில் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கூர்மையைக் குறைப்பது

ஃபீனிக்ஸ் நிறமாலையின் பிரிதிறன் (அலைநீளத்தை, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளியால் வகுத்த எண்) கண்ணுக்குத் தெரியும் பகுதியில் 5,00,000. உங்கள் கருவியின் பிரிதிறன் 1,000 ஆக இருக்கலாம். 5,500 ஆங்ஸ்ட்ராமில் அது 5.5 ஆங்ஸ்ட்ராம் அகலம். மாடலை அந்த அகலமுள்ள, மணி வடிவக் காஸியன் வளைவால் பூச வேண்டும், அதாவது மங்கலாக்க வேண்டும். நிரல்கள் கேட்பது பாதி உயரத்து அகலத்தை அல்ல, சிக்மாவை, 2.355-ஆல் வகுத்துக் கொடுங்கள். முதலில் பூசுங்கள், பிறகு பிக்சல்களுக்கு மாற்றுங்கள். வரிசை மாறினால், கூர்மையான கோடுகளில் பாதி பிக்சல்களுக்கு இடையே தொலைந்துபோகும். மாற்றும்போதும் ஒளிப்பாய்வின் மொத்தம் குறையாத முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அட்லஸ்9-இல் நிலைமை தலைகீழ். அங்கே மாடலில் 20 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு புள்ளிதான், ஸ்டிஸ் தரவு அதைவிடக் கூர்மை. அப்போது தரவைத்தான் பூச வேண்டும். எது கூர்மையோ அதை இறக்குங்கள். மங்கலானதைக் கூர்மையாக்க வழியில்லை.

நட்சத்திரத்தின் சுழற்சியும் கோடுகளை அகலமாக்கும். அபிஜித்தில் நம் பார்வைத் திசையில் தெரியும் வேகம் விநாடிக்கு சுமார் 22 கிலோமீட்டர். இந்தத் தரவில் அது தெரியாது. பிரிதிறன் 20,000-ஐத் தாண்டும் தரவுக்குப் போகும்போது சுழற்சிக்கென்று உள்ள பூச்சை முதலில் போட்டு, கருவியின் பூச்சை அதன்மேல் போடுங்கள். ஒளி அந்த வரிசையில்தான் வந்தது.

தூசியும் காற்றும்

அபிஜித்துக்குத் தூசித் திருத்தம் தேவையில்லை. தொலைவான நட்சத்திரங்களுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. தூசி நீலத்தை அதிகம் விழுங்கும், நட்சத்திரம் சிவந்து தெரியும். குளிர்ந்த நட்சத்திரமும் சிவந்துதான் தெரியும். இரண்டையும் சரிவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குக் கோடுகளின் துணை வேண்டும், ஏனென்றால் தூசி ஒரு கோட்டின் வடிவத்தை மாற்றுவதில்லை. திருத்தத்துக்கு 1989-இல் கார்டெல்லி, கிளேட்டன், மாதிஸ் மூவரும் தந்த வளைவை இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

தரையிலிருந்து எடுத்த நிறமாலை என்றால் 6,867-இலும் 7,600-ஐ ஒட்டியும் ஆக்சிஜன் பட்டைகள் இருக்கும். அவை நம் காற்றினுடையவை. 7,200, 8,200 பக்கங்களில் நீராவி. மாடலில் இவை இருக்காது. தொடக்கத்தில் திருத்த முயலாமல் அந்தப் பகுதிகளை மறைத்துவிடுங்கள்.

நிறமாலையைத் தொடரொளியால் வகுத்து ஒன்றுக்குச் சமப்படுத்துவதிலும் கவனம் தேவை. அபிஜித்தின் ஹைட்ரஜன் பீட்டா கோட்டின் சிறகுகள், அதாவது ஓரச் சரிவுகள், இரு பக்கமும் பல பத்து ஆங்ஸ்ட்ராம் பரந்து கிடக்கும். தொடரொளி என்று நினைத்து சிறகின் மேலேயே வளைவைப் பொருத்திவிட்டால், கோட்டின் பாதி காணாமல்போகும். மாடலோ அந்தச் சிறகை முழுசாக வைத்திருக்கும். நீங்கள் ஈர்ப்பைக் குறைத்துப் பொருத்துவீர்கள், விடை தவறாகும். அகலமான கோடுகளுக்குச் சமப்படுத்தாத, ஒளிப்பாய்வு அளந்த தரவே நல்லது.

இப்போது திருகுகளைத் தொடலாம்

ஒரேயடியாகத் தானியங்கிப் பொருத்தலுக்குப் போகாதீர்கள். 9,000 முதல் 10,000 கெல்வின் வரை 250 இடைவெளியில் ஐந்து, ஈர்ப்பு 3.5, 4.0, 4.5 என மூன்று, உலோகம் மைனஸ் 1, மைனஸ் 0.5, 0 என மூன்று. மொத்தம் 45 மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, உயரத்தை மட்டும் தானே சரிசெய்துகொள்ள விட்டு, மாடல் தரவிலிருந்து மொத்தத்தில் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் கை-ஸ்கொயர் எண்ணை ஓர் அட்டவணையில் எழுதுங்கள். அந்த அட்டவணையில் ஒரு குழி தெரியும். அது வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டி ஈர்ப்பையும் சேர்த்து மாற்றினால் கிட்டத்தட்ட அதே பொருத்தம் கிடைக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

உயரத்தைச் சரிசெய்யத் தேவைப்பட்ட பெருக்குத்தொகையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதிலிருந்து கோண விட்டம் கிடைக்கும். கை-ஸ்கொயர் அழகாக இருந்தும் விட்டம் 3.28-க்குப் பதில் 3.6 என்று வந்தால் அந்த மாடலை நம்ப வேண்டாம். நிறமாலையை வைத்து எடுத்த விடையை, நிறமாலையோடு சம்பந்தமில்லாத ஓர் அளவீடு சோதித்துத் தருகிறது. இந்த வசதி சில நட்சத்திரங்களுக்குத்தான் கிடைக்கும்.

எந்தப் பகுதி எந்தத் திருகைக் கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அபிஜித்தின் சூட்டில் ஹைட்ரஜன் கோடுகள் கிட்டத்தட்ட உச்ச வலிமையில் இருக்கின்றன. வெப்பநிலை சற்று மாறினாலும் அவை பெரிதாக மாறா. ஆனால் அவற்றின் சிறகுகள் அழுத்தத்தைக் கேட்கும், ஆகவே ஈர்ப்பைச் சொல்லும். வெப்பநிலையைச் சரிவும் பால்மர் தாவலும் சொல்லும். சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு வந்தால் இது அப்படியே புரண்டுவிடும். அங்கே ஹைட்ரஜன் சிறகுகள் வெப்பநிலையைச் சொல்லும், ஈர்ப்பைக் கண்டுகொள்ளாது. ஈர்ப்புக்கு 5,167, 5,173, 5,184-இல் உள்ள மெக்னீசியம் மூன்றையும் பார்க்க வேண்டும், அல்லது நடுநிலை இரும்பும் அயனியாக்கப்பட்ட இரும்பும் ஒரே அளவைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நட்சத்திரத்துக்குச் செல்லாது. ஒரு கோடு பொருந்தியதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

விடையைச் சொல்லும்போது நிரல் தரும் பிழை அளவை அப்படியே எழுதாதீர்கள். 9,487 கூட்டல் கழித்தல் 4 கெல்வின் என்று கணினி சொல்லும். பிக்சலின் இரைச்சல் மட்டுமே பிழை என்று நினைத்துச் சொன்ன எண் அது. ஒளிப்பாய்வு அளவீட்டின் துல்லியமே ஒரு சதவீத அளவில்தான், மாடலின் குறைகள் அதற்கு மேல். அட்லஸ், ஃபீனிக்ஸ் இரண்டும் தரும் விடைகளின் வித்தியாசம் எவ்வளவோ, அதற்குக் குறைவான பிழையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மிச்சத்தைப் படிப்பது

அளந்ததை மாடலால் வகுத்து, அந்த விகிதத்தைத் தனிக் கிராஃபாகப் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்த படத்தில் எல்லாமே அழகாகத் தெரியும். விகிதத்தில்தான் குட்டு வெளிப்படும். விகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வெப்பநிலை, தூசி, ஒளிப்பாய்வு அளவீடு மூன்றில் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தால் அலைநீளம் தள்ளியிருக்கிறது. கோட்டின் நடுவில் ஒரு முள்ளும் இரு பக்கமும் எதிர்த்திசையில் புடைப்பும் இருந்தால் பூச்சின் அகலம் தவறு. ஒரு தனிமத்தின் கோடுகள் எல்லாம் ஒரே மாதிரி விலகினால் அந்தத் தனிமத்தின் அளவு வேறு. ஒரே ஒரு கோடு மட்டும் அடம்பிடித்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டின் அணுத் தரவு சரியில்லை. அதற்காக நட்சத்திரத்தை மாற்றக் கூடாது, அந்தக் கோட்டை மறைத்துவிடலாம். வலுவான கோடுகளின் அடிப்பாகம் மட்டும் பொருந்தாமல் சிறகுகள் பொருந்தினால், உள்ளூர் வெப்பச் சமநிலை அங்கே உடைகிறது.

இந்த மிச்சம் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லும் என்பதற்கு அபிஜித்தே சாட்சி. பல காலம் அதை மெதுவாகச் சுழலும், சாதுவான, மாதிரி நட்சத்திரம் என்றே நினைத்தார்கள். 1990-களில் இரைச்சல் மிகக் குறைந்த நிறமாலைகளை எடுத்த கல்லிவர், ஹில், அடெல்மன் ஆகியோர், அதன் வலுக்குறைந்த சில கோடுகளின் அடிப்பாகம் கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதைக் கவனித்தார்கள். எந்த ஒற்றை வெப்பநிலை மாடலும் அப்படி ஒரு கோட்டைத் தராது. அவர்கள் சொன்ன விளக்கம்: அபிஜித் உண்மையில் மிக வேகமாகச் சுழல்கிறது, நாம் அதைத் துருவத்தின் பக்கமிருந்து பார்க்கிறோம். பூமத்தியப் பகுதி உப்பிக் குளிர்ந்திருக்கிறது. அது நமக்கு வட்டின் விளிம்பாகத் தெரிகிறது. குளிர்ந்த விளிம்பில் அந்த மெல்லிய கோடுகள் வலுப்பதால் அடி தட்டையாகிறது. 2006-இல் குறுக்கீட்டுமானி அளவீடுகள் இதை உறுதிசெய்தன. துருவத்தில் 10,000 கெல்வினை ஒட்டி, பூமத்தியப் பகுதியில் அதைவிட ஆயிரம் கெல்வினுக்கு மேல் குறைவு. சுழலும் அச்சு நம் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 6 டிகிரிதான் விலகியிருக்கிறது. பூமத்தியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம், நமக்குத் தெரிவது 22 மட்டும்.

அப்படியானால் நீங்கள் கண்ட 9,500 என்ன? அது பல வெப்பநிலைகளின் கலவையை ஒற்றை எண்ணில் சொன்னது. உங்கள் விகித கிராஃபில் பால்மர் தாவலை ஒட்டிய பகுதியும் புற ஊதாவும் ஒரே வெப்பநிலைக்கு முழுசாக ஒத்துவர மறுத்தால், காரணத்தில் ஒரு பங்கு இதுதான். அகச்சிவப்பில் வெகுதூரம் போனால் இன்னொன்று காத்திருக்கிறது. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் அங்கே எந்த வளிமண்டல மாடலும் தராத கூடுதல் ஒளியைக் கண்டது. அது நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசி வட்டிலிருந்து வருகிறது.

அபிஜித் முடிந்ததும் சூரியனுக்கு வாருங்கள். கிட் பீக்கில் எடுத்து 1984-இல் வெளியிட்ட சூரிய நிறமாலைத் தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது. சூரியனின் வெப்பநிலை 5,772 கெல்வின் என்பதும், ஈர்ப்பு எவ்வளவு என்பதும் நிறமாலையைப் பார்க்காமலே நமக்குத் தெரியும். அதனால் அங்கே பொருந்தாத ஒவ்வொரு கோடும் மாடலின் குறை, அல்லது அணுத் தரவின் குறை. எந்தெந்தக் கோடுகள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, அதே பட்டியலோடு புரோசியானுக்குப் போங்கள். கடைசியாக சுவாதி, அதாவது ஆர்க்டூரஸ். 4,290 கெல்வினை ஒட்டிய ராட்சத நட்சத்திரம் அது, ஈர்ப்பு 1.6 அளவுதான், வளிமண்டலம் பரந்து உப்பியிருக்கிறது. தட்டை அடுக்கு மாடல் ஒன்றையும் கோள அடுக்கு மாடல் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் இதே பாதையில் நடத்திக் கொண்டுவந்து, விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.